காசைப் பார்த்துத்தான் சேர வேண்டும்

முனைவர் பட்ட ஆய்வில் சேரப் போகும் தலித், பழங்குடி மாணவர்களுக்கு நம் ஊர்ப் பேராசிரியர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. "காசைப் பார்க்காதப்பா. நல்ல இடம், நல்ல கைடு, நல்ல அனுபவம். அதைப் பார்த்துச் சேரு. காசு தானாப் பின்னால வரும்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சொல்பவர்களில் பலர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இது வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும் என்ற நம்பிக்கையில் படித்தவர்களின் அறிவுரை. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களிடம் இதைச் சொன்னால், அதற்குப் பெயர் அறிவுரை அல்ல, கதவடைப்பு. உதவித்தொகை எங்கே உறுதியோ அங்கே சேர்வதுதான் சரி என்றும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றும் நான் வாதிடப் போகிறேன். கூடவே, அந்தக் காசு யார் கை வழியாக வருகிறது என்று கேட்காமல் சேரக் கூடாது என்றும்.

இந்த ஆண்டு திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து ஒரு தங்கை என்னிடம் யோசனை கேட்டார். எம்.எஸ்சி. முடித்தவர். அப்பாவுக்கு மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறை ஒன்றில் கூலி வேலை. அம்மா கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறார். தங்கையின் கையில் இரண்டு வாய்ப்புகள். ஒன்று, சென்னையில் பெயர்பெற்ற பேராசிரியரின் ஆய்வகம். "முதல் வருஷம் சும்மா வாம்மா, ப்ராஜெக்ட் சாங்ஷன் ஆனதும் உன்னைப் போட்டுக்கிறேன்" என்றாராம் அவர். இன்னொன்று, வெளிமாநிலத்தில் அதிகம் பெயர் தெரியாத நிறுவனம். மாதம் 37,000 ரூபாய், விடுதி, ஐந்து ஆண்டு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

கல்லூரியில் எல்லோரும் சென்னையைத்தான் சொன்னார்களாம். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் இருக்கிறதே, தினமும் போய் வரலாமே என்று. முதலில் திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ், பிறகு ரயில், அதற்குப் பிறகு இன்னொரு பஸ். இரவு எட்டு மணி வரை ஆய்வகத்தில் நிற்கச் சொல்லும் நெறியாளரிடம் சேர்ந்துவிட்டு, இந்தப் பயணத்தை எத்தனை மாதம் செய்ய முடியும்? அதை யாரும் கணக்குப் போடவில்லை. தங்கையை உறுத்தியது வேறு: "காசுக்காகப் போனான்னு சொல்லுவாங்களேண்ணா."

சொல்லட்டும். காசு உள்ளவர்கள் காசைப் பற்றிப் பேசாமல் இருப்பது பெருந்தன்மை அல்ல, அவர்களுக்குப் பேச வேண்டிய தேவை இல்லை.

இந்த நாட்டில் ஒரே வேலைக்கு எத்தனை விலை என்று பாருங்கள். 2018இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகையில் முதல் ஆண்டே மாதம் 70,000 ரூபாய். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கும், பட்டியல் சாதியினருக்கான தேசிய உதவித்தொகை பெற்றவருக்கும் 2023 முதல் 37,000. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இவை எதுவும் கிடைக்காதவருக்கு 8,000. அந்த 8,000த்தையும் நிறுத்த 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முடிவெடுத்தது. மாணவர்கள் டெல்லியில் மானியக் குழு வாசலிலேயே உட்கார்ந்து போராடியதால்தான் அது பிழைத்தது. தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மாதக் கணக்கில் அது எட்டாயிரத்துச் சொச்சம். இவை எதுவும் இல்லாதவருக்குப் பூஜ்யம். ஆய்வேட்டின் பக்கங்களும் வைவாவில் கேட்கும் கேள்விகளும் எல்லோருக்கும் ஒன்றுதான். 70,000 வாங்குபவரையும் பூஜ்யம் வாங்குபவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து யார் அதிகம் கட்டுரை வெளியிட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

பூஜ்யத்தில் சேரும் மாணவர் எதை நம்பிச் சேர்வார்? குடும்பச் சேமிப்பை. அந்தச் சேமிப்பு எங்கிருந்து வரும்? நம் ஊர்களில் பெரும்பாலும் நிலத்திலிருந்து. செங்கல்பட்டின் நிலக் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1891இல் இந்த மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், இங்குள்ள பறையர் மக்கள் எப்படி நிலமற்ற கூலிகளாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஒதுக்கீடு வந்தது. நூறு ஆண்டுகள் கழித்து, கைமாறிப் போயிருந்த அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள் காரணை மக்கள். 1994 அக்டோபர் 10 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். கடற்கரைச் சாலையின் இரண்டு பக்கமும் இன்று சதுர அடிக் கணக்கில் விற்கும் மண்ணை இந்தக் கதையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நிலம் கைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை மூன்று ஆண்டு சம்பளமில்லாமல் ஆய்வு செய்யலாம். நிலம் பறிபோன குடும்பத்தின் பிள்ளையால் முடியாது. ஆகவே ஆய்வு உதவித்தொகை சலுகை அல்ல, பாக்கி.

காசைப் பார்த்துச் சேர்ந்தால் சிறியவராகிவிடுவோமா? அம்பேத்கரைக் கேட்போம். 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றது பரோடா அரசு கொடுத்த உதவித்தொகையில். மாதம் 11.50 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பரோடாவில் 10 ஆண்டு பணியாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தமும் உண்டு. 1916இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கொலம்பியாவில் படித்தவருக்குப் பரோடாவில் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை பேராசிரியராக வேலை பார்த்தார். தன் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன். இவற்றோடு 1920இல் மறுபடி லண்டன் போய் விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

இந்த வரலாற்றை மேடைகளில் விடாமுயற்சிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. நம் இயக்கத்தின் பேரறிஞர் பணம் இருந்த இடத்துக்குப் போனார், பணம் தீர்ந்தபோது திரும்பினார், வேலை செய்து சேர்த்துக்கொண்டு மறுபடி போனார். புறப்படும் முன்பு, நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடர லண்டனில் அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். ஒரு மாதமும் அவர் காசைப் பார்க்காமல் படிக்கவில்லை. பார்க்காமல் இருந்திருந்தால் படித்திருக்கவே முடியாது.

அடுத்து, இவர்கள் விற்கும் "அனுபவம்". பெரிய நிறுவனத்தில் இருப்பதே ஒரு படிப்பு என்கிறார்கள். யாருக்கு? செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூர் கல்லூரியில் தான் படித்த நாட்களைத் தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, யாரோடும் சேர்ந்து விளையாடாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். 400 பேரும் ஒரே வகுப்பறையில்தான் உட்கார்ந்தார்கள். அனுபவம் ஒன்றாகவா இருந்தது? இன்று குடும்பப் பெயரையும் ஊரையும் கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள், நெட் தேர்வில் "எந்த கேட்டகரி" என்று கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். பெரிய பெயர் கொண்ட வளாகத்தின் அனுபவத்தில் இதுவும் ஒரு பகுதி. அதைச் சம்பளமில்லாமல் வேறு அனுபவிக்கச் சொல்கிறார்கள்.

நம் பக்கத்திலிருந்து போகும் அனுபவத்துக்கு அங்கே என்ன மதிப்பு? மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. அவர்கள் எடுத்துத் தரும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இந்த மாவட்டத்தின் வடிவேல் கோபாலையும் மாசி சடையனையும் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே அழைத்துப் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் விலங்கியல் ஆய்வுக்கு விண்ணப்பித்தால், தாத்தாவிடம் கற்ற இந்த அறிவுக்கு நேர்காணலில் ஒரு மதிப்பெண் உண்டா? கிடையாது. "முன் அனுபவம் இல்லை, ஒரு வருஷம் சம்பளமில்லாம லேபுக்கு வந்து பழகு" என்பார்கள். நம் அனுபவம் அவர்களுக்கு இலவசத் தகவல். அவர்கள் அனுபவத்துக்கு நாம் கட்டணம் கட்ட வேண்டும்.

இதுவரை சொன்னதை வைத்து, அதிகத் தொகை எங்கேயோ அங்கே ஓடு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் உள்ள தொகை வேறு, வங்கிக் கணக்குக்கு வரும் தொகை வேறு.

உதவித்தொகை மாணவர் கைக்கு எப்படி வருகிறது? மாணவர் ஒழுங்காக ஆய்வு செய்கிறார் என்று நெறியாளர் கையெழுத்துப் போட வேண்டும், துறைத் தலைவர் போட வேண்டும், பல்கலைக்கழக அலுவலகம் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். அதற்குப் பிறகு டெல்லியில் நிதி இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அசையாவிட்டால் பணம் வராது. என் சொந்த ஆய்வுக் காலத்தில் ஒன்பது மாதம் உதவித்தொகை வராமல் இருந்தது. அலுவலகத்தில் கேட்டால் துறையைக் கேள் என்றார்கள், துறையில் கேட்டால் டெல்லியைக் கேள் என்றார்கள். தாள் ஒரு மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அந்த ஒன்பது மாதமும் அந்த மேசைக்காரரிடம் நான் எப்படிப் பேசியிருப்பேன், எதையெல்லாம் பேசாமல் விழுங்கியிருப்பேன் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். உதவித்தொகை தாமதமாகும்போது மாணவர் இழப்பது பணத்தை மட்டும் அல்ல, வாயையும்.

சேலத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வு செய்யப் போனார் செந்தில்குமார். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து அவ்வளவு தூரம் போனவர். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவரை இழந்தோம். அதே வளாகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். தனக்கு ஏழு மாத உதவித்தொகை, 1.75 லட்சம் ரூபாய், வரவேண்டியிருக்கிறது என்று தன் கடைசிக் கடிதத்தில் அவர் எழுதிவைத்தார். இரண்டு பேருமே "நல்ல இடத்தில்" சேர்ந்தவர்கள்தான். இடத்தின் பெயர் அவர்களைக் காக்கவில்லை. காகிதத்தில் இருந்த உதவித்தொகையும் காக்கவில்லை.

ஆகவே, சேர்வதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இவற்றைக் கேட்பதை யாராவது மரியாதைக் குறைவு என்று சொன்னால், அந்த இடத்தைப் பற்றிய முதல் தகவல் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உதவித்தொகை எத்தனை ஆண்டு, எழுத்தில் இருக்கிறதா? "ப்ராஜெக்ட் வரும்" என்பது வாக்குறுதிகூட இல்லை, வானிலை அறிக்கை. மானியக் குழுவின் 2022 விதிப்படி ஆய்வை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசம் உண்டு. தேசிய உதவித்தொகையோ ஐந்து ஆண்டுதான். அந்த ஆறாவது ஆண்டை எப்படி ஓட்டுவது என்பதை முதல் ஆண்டிலேயே யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, இப்போது அங்கே இருக்கும் மாணவர்களுக்குக் கடைசியாக எந்த மாதத்துப் பணம் வந்திருக்கிறது? இதை நெறியாளரிடம் கேட்காதீர்கள், விடுதி மெஸ்ஸில் கேளுங்கள்.

மூன்றாவது, அந்த நெறியாளரிடம் இதற்கு முன்பு சேர்ந்த தலித், பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், பாதியில் போனவர்கள் யார்? பட்டம் வாங்கியவர் பேசுவதைவிட, விலகிப் போனவர் பேசுவது உங்களுக்கு அதிகம் பயன்படும். தேடிப் பிடித்துப் பேசுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எண்ணிக்கையைக் கேட்கலாம். அவர்கள் ஒருமுறை பதில் கொடுத்துவிட்டால் அடுத்து வரும் பத்து மாணவர்களுக்கும் அது உதவும்.

நான்காவது, நெறியாளரை மாற்ற வேண்டி வந்தால் வழி இருக்கிறதா? ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும்தான் வழிநடத்தலாம் என்பது விதி. ஒரே ஒரு ஆசிரியரை மட்டும் நம்பி ஒரு துறையில் சேர்ந்தால், அவரோடு ஒத்துப்போகாத நாளில் போக வேறு இடம் இருக்காது.

என் நண்பர்களில் சிலர் இதற்கு மறுப்புச் சொல்வார்கள். "நல்ல நெறியாளர் இல்லாமல் ஐந்து ஆண்டு 37,000 வாங்கி என்ன பயன்? கடைசியில் கையில் ஆய்வேடு நன்றாக இருக்க வேண்டாமா? வேலைக்குப் போகும்போது நிறுவனத்தின் பெயரைத்தானே பார்க்கிறார்கள்?"

பார்க்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நிறுவனத்தின் பெயர் ஆய்வை முடித்தவருக்குத்தான் பயன்படும். பணமில்லாமல் இரண்டாம் ஆண்டு விலகியவருக்கு அந்தப் பெயர் எதற்கும் உதவாது, அதைச் சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. முழுநேரத்தில் சேர்ந்து, பணம் போதாமல் பகுதிநேரமாக மாறி, அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுத்துக்கொண்டே பத்தாண்டாக ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பவர்களை நம் ஒவ்வொரு ஊரிலும் பார்க்கலாம். அவர்களுக்கு அறிவு குறைவா? நெறியாளர் சரியில்லையா? பலருக்கு நெறியாளர் நல்லவர்தான். காலம்தான் இல்லை. உதவித்தொகை என்பது காலத்தை விலைக்கு வாங்கித் தருவது. படிக்கவும், தப்பாக எழுதி மறுபடி எழுதவும், பிடிக்காத கருத்தை நெறியாளர் முகத்துக்கு நேரே மறுக்கவும் தேவையான காலம். அது கையில் இருந்தால் சுமாரான நெறியாளரிடமும் நல்ல ஆய்வு செய்யலாம், கருத்தரங்குகளுக்குப் போய் வேறு அறிஞர்களிடம் கற்கலாம். அது இல்லாமல் உலகத்தின் சிறந்த நெறியாளர் கிடைத்தாலும், அவர் சந்திக்கச் சொல்லும் நேரத்தில் நாம் டியூஷன் எடுத்துக்கொண்டிருப்போம்.

இதோடு நிறுத்தினால், இது இன்னொரு தொழில் வழிகாட்டிக் கட்டுரை ஆகிவிடும். ஒவ்வொரு மாணவரும் புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்தால் போதும் என்று அரசும் நினைத்துக்கொள்ளும். இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கியதே அரசுதான்.

சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு நிறுத்தியது. அதே ஆண்டு தொடக்கத்தில், பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை மாற்றியது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களில் ஆய்வு செய்ய இனிப் பணம் கிடையாது என்றது. அதாவது, பரோடாப் பணத்தில் கொலம்பியா சென்று 1916இல் இந்தியாவின் சாதிகள் பற்றி ஆய்வுரை வாசித்த அம்பேத்கர் இன்று விண்ணப்பித்தால், தலைப்பைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள். 2025 ஜூலையில் இதே திட்டத்தில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நிதி இருந்தால் தருகிறோம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கி, விசாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு, காசைப் பார்க்காதே என்று நமக்குச் சொல்கிறார்கள். காசைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறவர்கள் அவர்கள்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. முழுநேர ஆய்வில் பதிவு செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாழப் போதுமான உதவித்தொகை வேண்டும். அது மாதத்தின் குறித்த நாளில் வர வேண்டும். நெறியாளரின் கையெழுத்து வரவில்லை என்பதற்காகப் பணம் நிற்கக் கூடாது. குறித்த நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால் பணம் தானாகப் போக வேண்டும். ஒவ்வொரு துறையும் எத்தனை தலித், பழங்குடி மாணவர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் விலகினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்நாடு அரசு தரும் ஆண்டுக்கு 1 லட்சத்தை ஜே.ஆர்.எஃப். அளவுக்கு உயர்த்த வேண்டும். வெளிநாடு செல்பவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தரும் திட்டத்தை நடத்தும் அரசு, செங்கல்பட்டிலும் சேலத்திலும் இருந்தபடி ஆய்வு செய்பவர்களை எட்டாயிரத்தில் விட்டுவைப்பதற்கு நியாயம் இல்லை.

இவை கிடைக்கும் வரை, தோழர்களே, காசைப் பார்த்துச் சேருங்கள். கேள்வி கேட்டுச் சேருங்கள். சேர்ந்த பிறகு, அடுத்த ஆண்டு வரப் போகிறவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்: எந்த மாதம் பணம் வந்தது, எந்த மேசையில் நின்றது, யார் துணை நின்றார்கள் என்று. பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தகவலெல்லாம் அத்தை, மாமா, சித்தப்பா வழியாகச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடுகிறது. நமக்கு நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.